தும்மலும் ப்ரோபயாடிக் பாலும்: மருந்துக்கடைக் கல்லாவுக்கு முன்னால் கேட்ட கேள்விகள்

செங்கோட்டையில் எங்கள் மருந்துக்கடை. ஆனி மாதம் ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று இறங்கிக் குற்றாலத்தில் சாரல் விழுந்ததும் ஊரே குளிர்ந்துபோய்ச் சந்தோஷமாக இருக்கும். என் கடையில் மட்டும் கையில் கைக்குட்டையோடு ஆள் நிற்கும். முன்பெல்லாம் "செட்ரிசின் ஒரு அட்டை" என்று கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். இப்போது கூடவே ஒரு கேள்வி வருகிறது: "தயிர் மாதிரி ஒரு குட்டி பாட்டில் வருதே, அதைக் குடிச்சா இந்தத் தும்மல் நிக்குமாமே?" புளியரை தாண்டித் தென்மலை, புனலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களும் "சேட்டா" என்று ஆரம்பித்து இதையேதான் கேட்கிறார்கள்.

ஒரே பதிலை நூறு தடவை சொல்லி வாய் வலித்ததால் எழுதிவைக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. அந்த எல்லையை மனதில் வைத்துப் படியுங்கள்.

"இது சாதாரண சளியா, அலர்ஜியா? எப்படி அண்ணாச்சி கண்டுபிடிக்கிறது?"

சளி என்றால் வைரஸ். தொண்டை கரகரக்கும், உடம்பு வலிக்கும், லேசாகக் காய்ச்சல் அடிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் போய்விடும். அலர்ஜி அப்படி இல்லை. அடுக்கடுக்காகத் தும்மல், தண்ணீராக ஒழுகும் மூக்கு, மூக்கிலும் கண்ணிலும் மேலண்ணத்திலும் அரிப்பு, அப்புறம் அடைப்பு. காய்ச்சல் இருக்காது. காலையில் எழுந்ததும் பத்துப் பன்னிரண்டு தும்மல் போட்டுவிட்டு, மதியம் நன்றாக இருந்துவிட்டு, படுக்கப் போனதும் திரும்ப ஆரம்பிப்பவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

பிள்ளைகளிடம் இன்னொரு அடையாளம் உண்டு. உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து மூக்குத் தண்டில் குறுக்காக ஒரு கோடு விழுந்திருக்கும். கடைக்கு வரும் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததுமே அது கண்ணில் படும்.

"சாரல் ஆரம்பிச்சாலே எனக்குத் தும்மல். மழைத்தண்ணி ஒத்துக்கலையோ?"

மழைத்தண்ணீரைக் குற்றம் சொல்லாதீர்கள். சாரல் மாதங்களில் வீடு காய்வதே இல்லை. தலையணை, மெத்தை, மடித்து வைத்த கம்பளி எல்லாம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரம்தான் தூசிப்பூச்சிக்கு வேண்டும். கால் மில்லிமீட்டர் அளவுள்ள, எட்டுக்கால் பூச்சி இனத்தைச் சேர்ந்த உயிர் அது. நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் செதில்தான் அதற்குச் சாப்பாடு. அது கடிப்பதில்லை. அதன் எச்சம் மூக்கில் ஏறுவதுதான் வினை. கூடவே சுவரில் பூக்கும் பூஞ்சை, கரப்பான்பூச்சி எச்சம், காற்றோடு வரும் மகரந்தம். பார்த்தீனியம் இல்லாத தரிசு நம் பக்கம் எங்கே இருக்கிறது?

சிலருக்கு எந்த அலர்ஜியும் இல்லாமல் வெறும் குளிர்காற்றுக்கே மூக்கு ஒழுகும். அது வேறு சங்கதி. இந்தப் பக்கத்தில் வரும் பால் விஷயம் அவர்களுக்குப் பொருந்தாது.

"ப்ரோபயாடிக் பால்னு சொல்றது என்ன? தயிர்தானே அது, பேரை மாத்தி விக்கிறாங்களா?"

பாதி சரி. பாலில் லாக்டிக் அமில பாக்டீரியா வளர்ந்து, பாலின் சர்க்கரையை அமிலமாக்கிப் புளிக்க வைப்பது இரண்டுக்கும் பொது. ஆனால் "ப்ரோபயாடிக்" என்ற பெயருக்கு ஒரு வரையறை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு 2001-ல் சொன்னதன் சாரம் இது: உயிரோடு இருக்கும் நுண்ணுயிர், போதுமான அளவில் உள்ளே போனால், உடம்புக்கு நன்மை செய்ய வேண்டும். மூன்று நிபந்தனை. வீட்டுத் தயிரில் உயிர் உண்டு. அளவும் இருக்கலாம். அந்தக் குறிப்பிட்ட பாக்டீரியா இன்ன நன்மை செய்யும் என்று சோதித்துப் பார்த்ததுதான் கிடையாது.

யோசனை பழசு. பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த எலீ மெச்னிகாஃப், 1908-ல் நோபல் பரிசு வாங்கியவர், பல்கேரியக் கிராமத்தார் நீண்ட நாள் வாழப் புளித்த பால்தான் காரணம் என்று நம்பினார். ஜப்பானில் மினோரு ஷிரோட்டா என்ற மருத்துவர் 1930-ல் ஒரு பாக்டீரியா வகையைத் தனியே வளர்த்தெடுத்தார். 1935-ல் அது யாகுல்ட் என்ற பெயரில் பாட்டிலுக்குள் வந்தது. நம் ஊர்க் கடை ஃபிரிட்ஜில் அடுக்கியிருக்கும் அந்தக் குட்டிச் சிவப்பு மூடி பாட்டில்தான்.

"மூக்குல வர்ற வியாதிக்கு வயித்துக்குள்ள பால் ஊத்தி என்ன ஆகப்போகுது?"

கேட்டவர் மர மில்லில் வேலை பார்ப்பவர். நல்ல கேள்வி என்று அவரிடமே சொன்னேன். நம் உடம்பின் எதிர்ப்பு அணுக்களில் கணிசமான பங்கு குடல் சுவரை ஒட்டி இருக்கிறது. எதை எதிர்க்க வேண்டும், எதைச் சும்மா விட வேண்டும் என்று அவை பாடம் படிக்கும் பள்ளிக்கூடம் அதுதான். அலர்ஜி என்பது அந்தப் பாடம் தப்பிப்போன நிலை. தூசிப்பூச்சி எச்சம் ஒரு ஆபத்தும் செய்யாது. ஆனாலும் உடம்பு அதற்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரித்து வைத்திருக்கும். அடுத்த முறை எச்சம் மூக்கில் பட்டதும் மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு அணுக்கள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டும். அரிப்பு, தும்மல், ஒழுகல் எல்லாம் அந்த ஹிஸ்டமின் வேலை. நல்ல பாக்டீரியா குடலில் பழகினால், "சும்மா இரு" என்று அடக்குகிற அணுக்கள் வலுப்படும் என்பதுதான் கணக்கு.

1989-ல் டேவிட் ஸ்ட்ராகன் என்ற ஆய்வாளர், 1958 மார்ச்சில் பிரிட்டனில் பிறந்த 17 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைப் பார்த்தார். அண்ணன் அக்கா நிறையப் பேர் உள்ள வீட்டுக் கடைக்குட்டிகளுக்கு மகரந்த அலர்ஜி குறைவாக இருந்தது. சின்ன வயதில் கிருமிகளோடு பழகாததுதான் அலர்ஜி கூடக் காரணமோ என்ற பேச்சு அங்கிருந்துதான் கிளம்பியது. ப்ரோபயாடிக் ஆராய்ச்சிக்கும் அதுதான் ஒரு தூண்டுதல்.

"சுத்தி வளைக்காம சொல்லுங்க. குடிச்சா தும்மல் குறையுமா குறையாதா?"

குறையலாம், கொஞ்சம். அதற்கு மேல் சொன்னால் அது வியாபாரப் பேச்சு.

தைவானில் செய்து 2004-ல் வெளிவந்த சோதனையில், வருடம் முழுக்க மூக்கு அலர்ஜி உள்ள 80 பிள்ளைகளில் 60 பேருக்கு லாக்டோபேசிலஸ் பாராகேசி-33 என்ற பாக்டீரியா வகை சேர்த்த தயிரும், 20 பேருக்கு அது சேர்க்காத தயிரும் 30 நாள் கொடுத்தார்கள். சேர்த்ததைக் குடித்தவர்களுக்குத் தொந்தரவு குறைந்தது. ஜப்பானில் 2005-ல் அசிடோபிலஸ் எல்-92 என்ற வகையால் புளிக்க வைத்த பாலை 49 பேரை வைத்து 8 வாரம் சோதித்தார்கள். அங்கேயும் மூக்குத் தொந்தரவு இறங்கியது. ஆனால் பின்லாந்தில் 2002-ல் வெளிவந்த ஆய்வில் பிர்ச் மரத்து மகரந்த அலர்ஜி உள்ள இளவட்டங்களுக்கு ரம்னோசஸ் ஜிஜி என்ற வகையை ஐந்து மாதத்துக்கு மேல் கொடுத்தும் ஒரு பலனும் இல்லை.

2015-ல் இப்படிப்பட்ட 23 ஆய்வுகளை, மொத்தம் 1,919 நோயாளிகள், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 17 ஆய்வில் ஏதோ ஒரு நன்மை, 6-ல் ஒன்றும் இல்லை. கூட்டிக் கணக்குப் போட்டபோது "அன்றாட வாழ்க்கை எவ்வளவு பாதிக்கப்படுகிறது" என்ற மதிப்பெண் நன்றானது. தும்மல், ஒழுகல், அடைப்பு இவற்றின் மொத்த மதிப்பெண்ணில் தெளிவான வித்தியாசம் இல்லை. என் கடைத் தமிழில் சொன்னால்: தும்மல் நின்றுவிடாது, ஆனால் அதோடு வாழ்வது சிலருக்குச் சற்று லேசாகும்.

"அப்போ யாகுல்ட் தினம் ஒண்ணு போதும், அப்படித்தானே?"

இல்லை, இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். மேலே சொன்ன நல்ல முடிவுகள் பாராகேசி-33, எல்-92 ஆகிய வகைகளுக்கு வந்தவை. யாகுல்ட்டில் இருக்கும் கேசி ஷிரோட்டா வேறு வகை. அந்த ஷிரோட்டா பாலையே ஜப்பானில் தேவதாரு மகரந்த அலர்ஜி உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதித்து 2007-ல் முடிவு சொன்னார்கள்: மொத்தத்தில் அறிகுறிகளைத் தடுக்கவில்லை. 2008-ல் இங்கிலாந்தில் 20 பேரை வைத்துச் செய்த சின்ன ஆய்வில் ரத்தத்தில் சில அளவுகள் நல்ல பக்கம் நகர்ந்தன. ரத்தத்தில் நகர்வது வேறு, மூக்கு திறப்பது வேறு.

பாக்டீரியாவுக்கு மூன்று பகுதிப் பெயர்: பேரினம், இனம், கடைசியில் வகை. நம் ஊரில் "மாம்பழம்" என்று மட்டும் சொன்னால் யாராவது காசு கொடுப்பார்களா? இமாம்பசந்தா, நாட்டுக்காயா என்று கேட்போம் இல்லையா, அப்படித்தான். ஒரு வகை செய்ததை இன்னொரு வகையின் கணக்கில் எழுதக் கூடாது. வயிற்றுக்கு நல்லது என்று குடித்தால் குடியுங்கள், நான் தடுக்கவில்லை.

"வீட்டுத் தயிர், மோர், சம்பாரம் இதுக்கெல்லாம் அந்தச் சக்தி கிடையாதா? பாட்டில்ல அடைச்சாத்தான் சக்தியா?"

இந்தக் கேள்வியில் ஒரு கோபம் இருக்கும். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் உண்மை இது. உங்கள் வீட்டு உறைமோரில் இருப்பது பக்கத்து வீட்டு உறைமோரில் இருக்காது. சாரல் நாளில் எங்கள் வீட்டில் பால் உறையவே உறையாது. அம்மா பாத்திரத்தைச் சாக்கில் சுற்றி அரிசிப் பானைக்குள் இறக்கி வைப்பார். அதற்கும் மசியாவிட்டால் நாலு பச்சை மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போடுவார். காலையில் திறந்தால் ஒருநாள் கத்தியால் வெட்டுகிற மாதிரி கெட்டித் தயிர், மறுநாள் நூல்நூலாக இழுக்கும். அதே வீடு, அதே அம்மா. ஒவ்வொரு நாளும் உள்ளே வளர்ந்தது வேறு வேறு கூட்டம். அதை மருந்து மாதிரி அளந்து சொல்வது எப்படி?

கேரளப் பக்கத்துச் சம்பாரமும் அப்படித்தான்: இஞ்சி, பச்சை மிளகாய், சின்ன உள்ளி, கறிவேப்பிலை தட்டிப் போட்ட மோர். வெயிலுக்கு அமிர்தம். பழைய சோற்று நீச்சத்தண்ணீரிலும் லாக்டிக் பாக்டீரியா உண்டு. எல்லாமே நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். அலர்ஜிக்கு மருந்து என்ற பட்டத்தை மட்டும் கட்டாதீர்கள். காரணம் முந்தைய பதிலில் இருக்கிறது.

"மோர்க்குழம்பு, புளிசேரி வச்சா பாக்டீரியா செத்துடுமே, பிரயோஜனம் உண்டா?"

கொதித்தால் சாகும். சுடுசோற்றில் தயிரை ஊற்றினாலும் பாதி போகும். உயிரோடு வேண்டுமென்றால் சோறு ஆறிய பிறகு பிசையுங்கள்.

ஆனால் இதில் ஒரு வேடிக்கை. மேலே சொன்ன எல்-92 பால் சூடாக்கப்பட்ட பால். பாக்டீரியா உயிரோடு இல்லை. பாராகேசி-33-ஐயும் 2005-ல் உயிரோடு ஒரு பங்கு, சூட்டில் கொன்று ஒரு பங்கு என்று மாத்திரையில் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டும் வேலை செய்தன. செத்த பாக்டீரியாவின் ஓட்டைப் பார்த்தாலே எதிர்ப்பு அணுக்களுக்குப் பாடம் ஏறிவிடுகிறது போல. இதை வைத்துக்கொண்டு "அப்போ புளிசேரியும் மருந்துதான்" என்று ஒரு அக்கா என்னை மடக்கினார். வகையும் அளவும் தெரியாத கதைதான் அதுவும் என்று சொல்லித் தப்பித்தேன்.

"ராத்திரி தயிர் சாப்பிட்டா சளி கட்டும்னு பெரியவங்க சொல்வாங்களே? மூக்கடைப்புக்காரங்க தயிரே தொடக்கூடாதுன்னும் சொல்றாங்க."

பாலால் சளி பெருகுமா என்று ஆஸ்திரேலியாவில் சோதித்து 1990-ல் எழுதினார்கள். 60 பேருக்கு ஜலதோஷ வைரஸைக் கொடுத்து, தினமும் அவர்கள் குடித்த பாலையும் சிந்திய மூக்குச்சளியின் எடையையும் குறித்தார்கள். நிறையப் பால் குடித்தவர்களுக்குச் சளி கூடவில்லை. பால் தொண்டையில் எச்சிலோடு கலந்து கொழகொழப்பாக நிற்பதைத்தான் சளி கட்டியதாக நினைக்கிறோம்.

சித்த, ஆயுர்வேத முறைகளில் இரவில் தயிர் விலக்கு. அந்த வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் அவர்கள் சொல்கிற பத்தியத்தைப் பிடியுங்கள், பகலில் குடித்துக்கொள்ளலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்பில் அப்படியே குடித்துத் தும்முகிறவர்களும் உண்டு. அது குளிர்ச்சியின் வேலை. அரைமணி நேரம் வெளியே வைத்துக் குடியுங்கள்.

"எத்தனை நாள் குடிக்கணும்? வெறும் வயித்துலயா?"

ஆய்வுகள் 4 வாரத்திலிருந்து 12 மாதம் வரை போகின்றன; 8 வாரத்துக்குக் குறைந்து முடிவுக்கு வராதீர்கள். தலைவலி மாத்திரை மாதிரி போட்டதும் கேட்காது. நேரம் பெரிய விஷயம் இல்லை, சாப்பாட்டோடு குடிப்பது நல்லது. நிறுத்தினால் அந்தப் பாக்டீரியா சில நாளில் குடலை விட்டுப் போய்விடும், வீடு கட்டிக் குடியேறாது.

சாரலுக்குத்தான் தொந்தரவு என்றால் வைகாசியிலேயே தொடங்குங்கள். குற்றாலத்தில் தண்ணீர் விழுந்த பிறகு ஓடிவந்து கேட்பதில் அர்த்தம் இல்லை.

"குடிக்க ஆரம்பிச்சிட்டேன். இனி மூக்கு ஸ்ப்ரேயை நிறுத்திடலாமா?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். டாக்டர் எழுதிய புளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் மூக்கு அலர்ஜிக்கு முதன்மையான மருந்து. ஸ்டீராய்டு என்ற பெயருக்குப் பயந்து பலர் மூன்றாம் நாளே மூடி வைத்துவிடுகிறார்கள். அதன் முழுப் பலன் தெரியவே ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூக்குக்குள்ளேயே வேலை செய்வது. ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. பால் அதற்குத் துணையாக இருக்கலாம், அதன் இடத்தைப் பிடிக்காது.

அடிக்கிற முறையும் தப்பு. தலையை அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்குள் ஓடிக் கசக்கும். தலையைக் கொஞ்சம் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும், நுனி காதுப் பக்கம் சாய்ந்திருக்க, மெதுவாக மூச்சிழுத்துக்கொண்டே அடியுங்கள். நடுத்தண்டைப் பார்த்து அடித்தால் ரத்தம் கசியும்.

அடைப்பு திறக்கும் சொட்டு மருந்து, ஆக்ஸிமெட்டசோலின், சைலோமெட்டசோலின், வேறு. போட்டதும் மூக்கு திறக்கும், அதனால் அதன்மேல் எல்லோருக்கும் காதல். 5 நாளுக்கு மேல் போனால் அந்த மருந்தே அடைப்பை உண்டாக்கும். ஆறு மாதமாகச் சட்டைப்பையில் அதையே வைத்துக்கொண்டு திரிந்த ஒருவரிடம் "உங்களுக்கு இப்போ இருக்கிறது அலர்ஜி இல்லை அண்ணே, இந்தச் சொட்டு" என்று சொல்ல வேண்டியிருந்தது. அலர்ஜிக்குத் தரும் மாண்டிலூகாஸ்ட் கலந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் தொடராதீர்கள். தூக்கம், மனநிலை கெடலாம் என்று 2020-ல் அமெரிக்க மருந்து ஆணையம் அதற்குக் கடுமையான எச்சரிக்கை போட்டது.

"பிள்ளைக்கு நாலு வயசு. எப்பப் பார்த்தாலும் மூக்கு ஒழுகுது. கொடுக்கலாமா?"

பால் ஒத்துக்கொள்கிற பிள்ளைக்குக் கொடுக்கலாம். இத்தாலியில் 2 முதல் 5 வயதுக்குட்பட்ட 187 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்குக்கு லாக்டோபேசிலஸ் கேசி வகை ஒன்று சேர்த்த புளித்த பாலை, தினம் 100 மில்லி, ஒரு வருடம் கொடுத்தார்கள். 2007-ல் வந்த முடிவு: மூக்கு அலர்ஜி உள்ளவர்களுக்கு வருடத்தில் ஒன்றரைத் தடவை அளவுக்குத் தொந்தரவு குறைந்தது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வித்தியாசம் இல்லை. ஒரு வருடம் தினமும் குடித்து ஒன்றரைத் தடவை குறைவு. அந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மாதத்துக்கு முப்பது பாட்டில் விலையைப் பெருக்கிப் பாருங்கள்.

என்னைக் கேட்டால் அந்தக் காசில் முதலில் பிள்ளையின் தலையணைக்கும் மெத்தைக்கும் ஜிப் வைத்த உறை வாங்குங்கள். விரிப்பை வாரம் ஒருமுறை கை பொறுக்காத வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். வெயில் முகம் காட்டும் நாளில் மெத்தையை மாடிக்கு ஏற்றுங்கள். துணிப்பொம்மையோடு தூங்குகிற பிள்ளையானால் பொம்மைக்கும் அதே குளியல். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம்.

"மாசமா இருக்கேன். இப்பவே குடிச்சா பிறக்கப்போற பிள்ளைக்கு அலர்ஜி வராதாமே?"

பின்லாந்தில் 2001-ல் வெளிவந்த ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. அலர்ஜிக் குடும்பத்துத் தாய்மார்களுக்குப் பிரசவத்துக்கு முன்பும், பிறகு ஆறு மாதம் தாய்க்கோ பிள்ளைக்கோ ரம்னோசஸ் ஜிஜி கொடுத்தபோது, இரண்டு வயதில் பிள்ளைகளுக்குக் கரப்பான் படை (எக்ஸிமா என்ற தோல் நோய்) பாதியாகக் குறைந்தது. உலக அலர்ஜி அமைப்பும் 2015-ல், அலர்ஜி வர வாய்ப்பு அதிகமுள்ள குடும்பங்களில் கரப்பான் படையைத் தடுக்க ப்ரோபயாடிக்கைப் பயன்படுத்தலாம் என்றது. கவனியுங்கள், அது தோல். மூக்கு அலர்ஜியைத் தடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பேறுகால டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

"எனக்குப் பால் குடிச்சாலே வயிறு உப்பும். இதுவும் பால்தானே?"

உப்புவது லாக்டோஸ் செரியாமை. புளித்த பாலில் பாக்டீரியா அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கைத் தின்றுவிடுவதால் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும். கொஞ்சமாக ஆரம்பியுங்கள். முதல் வாரம் வாயு கூடுதலாக இருக்கும், பயம் வேண்டாம்.

பால் அலர்ஜி வேறு. பால் பட்டதும் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு வருகிறவர்கள் எந்தப் புளித்த பாலையும் தொடக் கூடாது. புளித்தாலும் பால் புரதம் அப்படியே இருக்கிறது.

"சுகர் இருக்கு, குடிக்கலாமா?"

லேபிளில் "சர்க்கரை" என்ற வரியைப் படியுங்கள். 5 கிராம் என்றால் ஒரு டீஸ்பூன். இனிப்பு பாட்டில்களில் கணிசமாகவே இருக்கும். இனிப்பில்லாத தயிர் வகை கிடைத்தால் அதை வாங்குங்கள்.

"டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதியிருக்கார். கூடவே குடிச்சா நல்லதா கெட்டதா?"

மருந்தைப் பொறுத்தது. சிப்ரோபிளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்றவற்றை பால், தயிரோடு சேர்த்து விழுங்கினால் கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் ஏறாது. மாத்திரையைத் தண்ணீரில் போட்டுவிட்டு குறைந்தது 2 மணி நேரம் கழித்துக் குடியுங்கள். அமாக்ஸிசிலினுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் எதுவானாலும் ஆன்டிபயாடிக் இந்தப் பாக்டீரியாவையும் கொல்லும் என்பதால் இடைவெளி நல்லது. அப்புறம், தண்ணீராக ஒழுகும் அலர்ஜி மூக்குக்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை. அதைக் கல்லாவில் கேட்காதீர்கள், தர மாட்டேன்.

"புனலூர்ல வாங்கி பஸ்ல எடுத்துட்டு வர்றேன். கெட்டுப்போயிருக்குமா? 650 கோடி, 1000 கோடினு போட்டிருக்கே, எது உசத்தி?"

குளிரில் வைக்க வேண்டிய பொருள். மலை இறங்கும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் மடியில் வைத்து வந்தால் விஷமாகிவிடாது, ஆனால் பாக்டீரியா குறையும், புளிப்பு ஏறும். ஒரு ஈரத்துணிப் பையில் சுற்றி எடுத்து வந்து நேரே ஃபிரிட்ஜில் வையுங்கள். கடையில் வாங்கும்போதே பாட்டிலைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இல்லாவிட்டால் வேண்டாம். மின்வெட்டில் எந்தக் கடைக்காரர் ஃபிரிட்ஜை என்ன செய்தார் என்று பாட்டில் சொல்லாது.

கோடிக் கணக்கில் மயங்காதீர்கள். 65 மில்லி யாகுல்ட்டில் 650 கோடி பாக்டீரியா. நம் நாட்டு விதிப்படி ஒரு நாள் அளவில் பொதுவாக 10 கோடியாவது இருக்க வேண்டும். அதைத் தாண்டிவிட்டால், எத்தனை என்பதைவிட எந்த வகை என்பதுதான் முக்கியம். லேபிளில் வகைப் பெயர் இல்லாமல் "ப்ரோபயாடிக்" என்று மட்டும் இருந்தால் நான் வாங்க மாட்டேன். 2020-ல் லாக்டோபேசிலஸ் பேரினத்தைப் பிரித்துப் புதுப்பெயர் வைத்துவிட்டார்கள். "லாக்டிகேசிபேசிலஸ்" என்று பார்த்தால் போலி என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

"ஐஜிஇ டெஸ்ட் எடுத்தேன், 800 வந்திருக்கு. ரெண்டு மாசம் குடிச்சிட்டு மறுபடி எடுத்தா குறைஞ்சிருக்குமா?"

மேலே சொன்ன 23 ஆய்வுத் தொகுப்பில் மொத்த ஐஜிஇ அளவு குறையவில்லை. டெஸ்டுக்குக் காசு செலவழிக்காதீர்கள். குடலில் பூச்சி இருந்தால்கூட அந்த எண் ஏறும். அந்த எண்ணும் உங்கள் தும்மலும் கைகோத்து நடப்பதில்லை. மூக்கு நன்றாக இருந்தால் 800 இருந்துவிட்டுப் போகட்டும்.

"யார் குடிக்கவே கூடாது?"

கீமோ எடுப்பவர்கள், உறுப்பு மாற்றம் செய்தவர்கள், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து சாப்பிடுபவர்கள், பெரிய ரத்தக்குழாயில் குழாய் பொருத்தியிருப்பவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடக் கூடாது. அபூர்வமாக அந்த பாக்டீரியாவே ரத்தத்தில் இறங்கிவிடும். குறைமாதக் குழந்தைகளுக்கு ப்ரோபயாடிக் மருந்து கொடுப்பது பற்றி அமெரிக்க மருந்து ஆணையம் 2023 அக்டோபரில் எச்சரித்திருக்கிறது.

"ரெண்டு மாசம் குடிச்சேன், தும்மல் நின்னுடுச்சு. நீங்கதான் பலன் கம்மின்னு சொன்னீங்க!"

எந்த மாதம் ஆரம்பித்தீர்கள் என்று கேட்டேன். ஆனியில். நின்றது ஆவணிக் கடைசியில். சாரல் முடிந்தால் குடிக்காதவனுக்கும் தும்மல் நிற்கும். மர மில்லில் வேலை பார்க்கிற நம்ம அண்ணனும் அதே நாளில்தான் குடித்தார், அவருக்கு நிற்கவில்லை. அவருக்கு மரத்தூள். மூக்கை மூடும் நல்ல மாஸ்க் போட்ட வாரமே பாதி குறைந்தது.

நிஜமாகவே தெரிய வேண்டுமானால் ஒரு காலண்டரை எடுங்கள். நாலு வாரம் குடிக்காமல், தினமும் இரவு தும்மல், ஒழுகல், அடைப்பு, தூக்கம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுங்கள். எட்டு வாரம் குடித்துக்கொண்டே போடுங்கள். அப்புறம் நாலு வாரம் நிறுத்திவிட்டுப் போடுங்கள். ஸ்ப்ரே, தலையணை உறை எதையும் இடையில் மாற்றக் கூடாது. நிறுத்திய பிறகு எண் ஏறினால் உங்களுக்கு அது ஒத்துப்போகிறது என்று நானும் ஒப்புக்கொள்கிறேன்.

"எப்போ டாக்டர்கிட்ட போகணும்?"

மூச்சிரைப்பு, இரவு இருமல், நெஞ்சில் விசில் சத்தம் வந்தால் அன்றைக்கே. மூக்கு அலர்ஜிக்குப் பின்னால் ஆஸ்துமா ஒளிந்திருப்பது சகஜம். மஞ்சளாகச் சளி, முகத்தில் வலி, காய்ச்சல் பத்து நாளைத் தாண்டினாலும் போக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ரத்தம், நாற்றம், அடிபட்ட பிறகு ஒரு பக்கம் மட்டும் தெளிந்த தண்ணீர் ஒழுகுவது, இவை அலர்ஜி இல்லை. காது மூக்கு தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும்.

போன வருடம் ஒரு பாட்டி பேரனைக் கூட்டிவந்து, மூன்று வாரமாக மூக்கு ஒழுகுகிறது, அந்தத் தயிர் பாட்டில் ஒன்று கொடு என்றார். ஒழுகியது இடது மூக்கு மட்டும், பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். டாக்டரிடம் அனுப்பினேன். சாயங்காலம் பாட்டி திரும்பி வந்து காகிதத்தில் மடித்து எடுத்து வந்ததைக் கல்லாவில் வைத்தார். உள்ளே ஊறி உப்பிப்போன ஒரு பட்டாணி.